மடல் மீட்டரிலிருந்து மேப் சென்சாருக்கு: 1990 மாஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றுக்கு மாற்று இசியு பொருத்திய விவரம்

மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், 4,000 ஆர்பிஎம்மில் காற்று-எரிபொருள் விகிதம் 10.5, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 10.5 பங்கு காற்று. அதே ஓட்டத்தில் 6,000ஐத் தாண்டும்போது 13. டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜினில் முதல் எண் பெட்ரோலை வீணாக்கும். இரண்டாவது எண் பிஸ்டனை உருக்கும். இந்த இரண்டும் ஒரே இன்ஜினில், சில விநாடி இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்குக் காரணம் தெளிவானது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால், எந்த இசியு (இன்ஜினின் எரிபொருளையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

வண்டி 1990இல் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஐரோப்பாவில் இதே வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா. பிற்பாடு பழைய வண்டியாக பிரிட்டனுக்கு இறக்குமதியாகி, அங்கே கைமாறி, டர்போ பொருத்தப்பட்ட நிலையில் இப்போதைய உரிமையாளரிடம் வந்தது. இன்ஜின் மாஸ்டாவின் பி6: 1,597 சிசி, 78 மி.மீ. துளை, 83.6 மி.மீ. வீச்சு, இரட்டைக் கேம், 16 வால்வு, அழுத்த விகிதம் 9.4. உரிமையாளர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும். குளிர்காலக் காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்ப வேண்டும். எப்போதாவது பந்தயத் தடத்தில் ஓட்டும்போது இன்ஜினுக்கு எதுவும் ஆகிவிடுமோ என்ற பயம் இருக்கக் கூடாது. சக்கரத்தில் 170, 180 குதிரைத்திறன் போதும் என்றார். தொழிற்சாலை பொருத்திய கனெக்டிங் ராடுகளோடு இருக்கும் பி6 இன்ஜினுக்கு அது விவேகமான எல்லை.

வந்தபோது இருந்த நிலை

முதல் தலைமுறை 1.6 ரோட்ஸ்டரில் உள்ளே போகும் காற்றை அளப்பது ஒரு மடல் மீட்டர். காற்று தள்ளத் தள்ள, ஸ்பிரிங் பிடித்திருக்கும் ஒரு கதவு திறக்கும். கதவின் கோணம் மின்னழுத்தமாக இசியுவுக்குப் போகும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு இது போதும். டர்போ வந்தவுடன் கதவு சீக்கிரமே முழுவதும் திறந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் இசியுவுக்குத் தெரியாது. அதற்கு அதுவே உலகின் எல்லை.

இந்தக் குறையைச் சமாளிக்க ஒரு காலத்தில் பரவலாக இருந்த வழியைத்தான் முந்தைய பட்டறையும் கையாண்டிருந்தது. இசியுவைத் தொடாமல், பூஸ்ட் (டர்போ காற்றை உள்ளே தள்ளும் கூடுதல் அழுத்தம்) ஏற ஏற எரிபொருள் அழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்தும் ரெகுலேட்டர் ஒன்றைப் பொருத்தினால், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாமலேயே அதிக பெட்ரோல் வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு: இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாய்ச்சலை இரட்டிப்பாக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 3 பாரில் வேலை செய்ய வடிவமைத்த அமைப்பை அங்கே கொண்டுபோக முடியாது. அழுத்தம் கூடக் கூட பம்ப் தரும் அளவும் குறைந்துகொண்டே போகும். நடு ஆர்பிஎம்மில் பெட்ரோல் மிகுந்து, உச்சியில் வறண்டுபோவதன் காரணம் இதுதான். 10.5க்கும் 13க்கும் இடையே வண்டி ஊசலாடியது எதிர்பார்க்க வேண்டிய விளைவு.

பற்றவைப்பிலும் இதே ஒட்டுவேலை. பழைய இசியுவுக்குப் பூஸ்ட் என்ற ஒன்று இருப்பதே தெரியாது என்பதால், இன்ஜின் சுழற்சியில் எங்கே இருக்கிறது என்று இசியுவுக்குச் சொல்லும் கேம் கோண சென்சாரின் உடலையே சற்றுத் திருப்பி, எல்லா நிலையிலும் தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தியிருந்தார்கள். பூஸ்ட்டில் அது இன்ஜினைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பூஸ்ட்டே இல்லாத சாதாரண நெடுஞ்சாலை ஓட்டத்திலும் தீப்பொறி தாமதமாகவே வந்தது. மைலேஜ் குறைந்தது, வெளியேறும் புகை தேவையில்லாமல் சூடாகியது. ஒரு நிலையில் தேவைப்படும் மருந்தை எல்லா நிலையிலும் கொடுக்கும் இந்த முறை எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

எந்த இசியு?

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். பழைய இசியுவை அப்படியே வைத்து, அதற்குப் போகும் சிக்னல்களை இடைமறித்துத் திருத்தி அனுப்பும் பிக்கிபேக் பெட்டிகள் உண்டு. புதிய வண்டிகளில், கியர்பாக்ஸும் பிரேக்கும் கருவிப்பலகையும் இசியுவோடு பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், அவற்றுக்கு நியாயம் உண்டு. 1990 ரோட்ஸ்டரில் இசியு யாரோடும் பேசுவதில்லை. அதைத் தூக்கி எறிவதால் இழக்க ஒன்றுமில்லை. அளவை முடிந்துபோன ஒரு மடல் மீட்டரின் சிக்னலைத் திருத்திக்கொண்டிருப்பதில் பொருளும் இல்லை.

முழு மாற்று இசியு என்று வந்தால் கடைத்தெரு பெரியது. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் 1986 முதலும் மோடெக் 1987 முதலும் களத்தில் இருக்கின்றன. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் லிங்க். அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் 2001இல் தொடங்கிவைத்த மெகாஸ்குவர்ட், இசியு என்பதை வீட்டு மேசையில் சாலிடர் செய்து உருவாக்கக்கூடிய பொருளாக ஆக்கியது. அதற்குப் பின் வந்த ஸ்பீடுயினோ, சாதாரண ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடும் திறந்த மூல இசியு. விலை வரிசையின் ஒரு முனையில் மோடெக், மறு முனையில் ஸ்பீடுயினோ.

விலையை வைத்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் தவறான இடத்தில் முடியும். நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த இன்ஜினில் இருக்கும் கோண சென்சாரை அந்தப் பெட்டி நேரடியாகப் படிக்குமா என்பது. ரோட்ஸ்டரின் கேம் கோண சென்சார் மிட்சுபிஷியின் 4ஜி63 இன்ஜினில் இருக்கும் அதே வகை; 4ஜி63 முறையை ஆதரிக்கும் எந்த இசியுவும் இதைப் படித்துவிடும். இரண்டாவது, வண்டி இருக்கும் ஊரில் அந்தப் பெட்டியை ட்யூன் செய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா, அவரிடம் டைனோ (நின்ற இடத்திலேயே வண்டியைச் சுமையோடு ஓட்டித் திறனை அளக்கும் கருவி) இருக்கிறதா. உலகின் மிகச் சிறந்த இசியுவை வாங்கி, அதை ஒருமுறைகூட திறந்து பார்த்திராதவரிடம் கொடுத்தால், பணம் கொடுத்துப் பரிசோதனைக்கு எலியாகிறோம். மூன்றாவது, ஏதாவது ஒன்று பழுதானால் இசியு இன்ஜினைக் காப்பாற்றுமா. பூஸ்ட் வரம்பு மீறினால் எரிபொருளை நிறுத்துமா, கலவை வறண்டால் பூஸ்ட்டைக் குறைக்குமா? இவை இருந்தால்தான் தினசரி வண்டிக்குப் பொருத்துவேன்.

மூன்றுக்கும் விடை தந்த பெட்டிகள் இரண்டு வகை: லிங்கின் நேரடியாகச் செருகும் மாடல், மெகாஸ்குவர்ட்-3 அடிப்படையில் ரோட்ஸ்டரின் பழைய கனெக்டரோடு வரும் மாடல். லிங்கில் நாக்கிங்கை (சிலிண்டரில் கலவை தானாக வெடித்து இன்ஜினைச் சேதப்படுத்துவது) கேட்கும் சுற்று உள்ளேயே இருக்கிறது. 1.6 இன்ஜினில் தொழிற்சாலை நாக் சென்சார் கிடையாது என்பதால் அது நல்ல சாதகம். ஆனாலும் இந்த வண்டிக்கு மெகாஸ்குவர்ட்-3 என்று முடிவாயிற்று. அருகிலிருந்த டைனோக்காரர் அதை நன்கு அறிந்தவர். உரிமையாளரும் மடிக்கணினியோடு தானே உட்கார்ந்து கற்றுக்கொள்ள விரும்பினார். ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளில் பதிவுகளைத் திறந்து பார்ப்பது எளிது. ஸ்பீடுயினோவை நான் மதிக்கிறேன், வார இறுதி வண்டிக்குப் பரிந்துரைக்கவும் செய்வேன். பனிக்காலத்தில் வேலைக்குப் போக நம்பியிருக்கும் வண்டிக்கு, உறையும் கனெக்டரும் தயாராக, சோதிக்கப்பட்டு வரும் பொருளே சரி.

இன்ஜெக்டர் அளவைக் கணக்கிட்டுத்தான் வாங்க வேண்டும். சக்கரத்தில் 180 என்றால் கிராங்க்கில் ஏறக்குறைய 210 குதிரைத்திறன். டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.27 கிலோ பெட்ரோல் என்று வைத்தால், மொத்தம் 57 கிலோ, அதாவது மணிக்கு 77 லிட்டர். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்து, 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற வரம்பையும் சேர்த்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 400 சிசி வேண்டும். 550 சிசி இன்ஜெக்டர் எடுத்தோம். பெரியது எடுத்தால் பின்னால் உதவும் என்று 1,000 சிசி வாங்குகிறவர்கள் உண்டு. அது ஐட்லிங்கில் என்ன செய்யும் என்பதைக் கீழே பார்ப்போம்.

வயரிங்

ட்யூனிங் என்றதும் எல்லோருடைய மனமும் டைனோவுக்குப் போகிறது. என் அனுபவத்தில் நல்ல ட்யூனுக்கும் மோசமான ட்யூனுக்கும் உள்ள வேறுபாடு டைனோவுக்கு வண்டி போகும் முன்பே முடிவாகிவிடுகிறது. இசியு தனக்கு வரும் எண்களை நம்பிக் கணக்கிடுகிறது. எண் பொய்யானால் அட்டவணையில் நாம் எழுதுவதெல்லாம் அந்தப் பொய்க்கான திருத்தம்.

இசியுவுக்கு முன் இன்ஜின். கம்ப்ரஷன் பார்த்தோம்; நான்கும் நெருக்கமாக இருந்தன. 1990, 91இன் ஆரம்ப 1.6 இன்ஜின்களில் கிராங்க்கின் முன்மூக்கு குட்டையானது. அதில் புல்லி போல்ட் சரியாக முறுக்கப்படாவிட்டால் சாவிக்காடி தேய்ந்து, முன்பக்கப் பல்சக்கரம் ஆடத் தொடங்கும். டைமிங் பெல்ட் அந்தச் சக்கரத்திலிருந்துதான் ஓடுகிறது. கேம் கோண சென்சார் பெல்ட்டின் மறுமுனையில் இருக்கிறது. மூக்கு ஆடினால் பற்றவைப்பு நேரமும் ஆடும். அதை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. இந்த வண்டியில் காடி சுத்தமாக இருந்தது. இல்லாவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்போம்.

மடல் மீட்டரைக் கழற்றும்போது அதோடு சேர்ந்து போகும் இரண்டு விஷயங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, காற்று வெப்பநிலை சென்சார். அது மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. புதிதாக ஒன்றை, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின் வரும் குழாயில், இன்ஜின் சூட்டிலிருந்து விலகிய இடத்தில் பொருத்தினோம். மற்றொன்று, பெட்ரோல் பம்ப்பை ஓட்டும் சுவிட்ச். 1.6 ரோட்ஸ்டரில் இன்ஜின் ஓடும்போது மடல் சற்றுத் திறந்திருந்தால்தான் பம்ப் ரிலே மூடியிருக்கும். இசியு அதைக் கட்டுப்படுத்துவதில்லை. மீட்டரை எடுத்துவிட்டால் இன்ஜின் தொடர்ந்து ஓடாது. ரிலேயின் அந்த வயரைப் புதிய இசியுவின் பம்ப் வெளியீட்டுக்குக் கொண்டுவந்தோம். இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு: இன்ஜின் நின்றால் இசியு பம்ப்பை நிறுத்திவிடும்.

ஆக்ஸிலரேட்டர் நிலையும் கவனிக்க வேண்டியது. மேனுவல் கியர் 1.6 வண்டியில் இருப்பது வெறும் சுவிட்ச்; மூடியிருக்கிறது, முழுவதும் திறந்திருக்கிறது என்ற இரண்டு செய்திதான் அதற்குத் தெரியும். ஆட்டோமேட்டிக் மாடலில் வரும், தொடர்ந்து அளவு சொல்லும் சென்சாரை மாற்றினோம். திடீரென்று மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் கொடுக்க அது இல்லாமல் முடியாது என்று சொல்ல மாட்டேன்; சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டின் அழுத்தம் மாறும் வேகத்தை வைத்தும் செய்யலாம். ஆனால் அழுத்தம் மாறுவது மிதித்த பிறகுதான். சென்சார் மிதிக்கும்போதே சொல்லிவிடும்.

மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய் மேனிஃபோல்டிலிருந்து தனியாக வர வேண்டும். பிரேக் பூஸ்டர் குழாயிலோ வேஸ்ட்கேட் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) குழாயிலோ டி இணைப்பு போட்டுப் பகிர்ந்துகொண்டால் அழுத்த அலைகள் கலந்து வரும். மடல் மீட்டர் போன பிறகு காற்றின் அளவை இசியு நேரடியாக அளப்பதே இல்லை. மேனிஃபோல்டின் அழுத்தம், வெப்பநிலை, ஆர்பிஎம் மூன்றையும் வைத்துக் கணக்கிடுகிறது. சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்ற நிரம்பல் அட்டவணையை நாம் எழுதித் தர வேண்டும். ஆகவே மேப் சிக்னலில் உள்ள ஒவ்வொரு சலனமும் நேரே பெட்ரோல் அளவில் தெரியும்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக நேரத்தைத் தின்றது அதுதான். முதல் பதிவுகளில் ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும்போதெல்லாம் குளிர்நீர் வெப்பநிலை ஓரிரு டிகிரி துள்ளியது. நீர் அப்படித் துள்ளாது. காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்க முந்தைய பட்டறை பொருத்தியிருந்த வைட்பேண்ட் ஆக்ஸிஜன் மீட்டரும் சில சென்சார்களும் உடல் தகட்டில் எர்த் எடுத்திருந்தன. இசியு இன்ஜின் பிளாக்கில். விசிறி இழுக்கும் மின்னோட்டத்தில் இரண்டு இடத்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு எழுந்தது. 0 முதல் 5 வோல்ட்டுக்கு 10 முதல் 20 வரை என்று அமைந்த வைட்பேண்ட் வெளியீட்டில், 0.1 வோல்ட் பிழை என்றால் காற்று-எரிபொருள் விகிதத்தில் 0.2 பிழை. மீட்டர் முகப்பு 11.8 காட்டும்போது இசியு 12.0 என்று பதிவுசெய்தது. எல்லாச் சென்சார்களின் எர்த்தையும் இசியுவின் சென்சார் எர்த்துக்கு ஒரே இடத்தில் கொண்டுவந்த பிறகு இரண்டு எண்ணும் ஒன்றாயின. இந்தத் திருத்தம் இல்லாமல் நாங்கள் டைனோவில் ஏறியிருந்தால், விசிறி ஓடும்போது ஒரு ட்யூன், ஓடாதபோது வேறு ட்யூன் என்றுதான் வந்திருக்கும்.

கடைசியாக பற்றவைப்பு வெளியீட்டின் திசை. மெகாஸ்குவர்ட்டில் சிக்னல் மேலே போகும்போது தீப்பொறியா, கீழே வரும்போதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தவறாக வைத்தால் இன்ஜின் ஓடக்கூடச் செய்யும். ஆனால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில் மின்னோட்டம் இடைவிடாமல் பாயும்; அது கையைச் சுடும், பிறகு கருகும். காயில் கனெக்டரைக் கழற்றிவிட்டு, சோதனை விளக்கால் திசையை உறுதிசெய்துவிட்டுத்தான் காயிலை இணைத்தோம்.

எரிபொருள்

முதல் முறை கிளம்பியதும், இசியுவில் தீப்பொறி நேரத்தைப் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் பூட்டிவிட்டு, தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்துப் பார்க்க வேண்டும். குறி 10இல் நிற்கும்வரை சென்சார் கோணத்தைத் திருத்தினோம். பிறகு ஆர்பிஎம்மை 4,000 வரை ஏற்றியும் பார்த்தோம். குறி அசையாமல் இருந்தது. நகர்ந்தால் சிக்னலின் தவறான விளிம்பை இசியு படிக்கிறது, அல்லது சுற்றில் தாமதம் இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு எழுதிய பற்றவைப்பு அட்டவணையில் இருக்கும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

இப்போது ஐட்லிங். ஐட்லிங்கில் ஒரு சிலிண்டருக்குள் போகும் காற்று மிகக் குறைவு. அதற்குத் தேவையான பெட்ரோல் 7 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். 550 சிசி இன்ஜெக்டர் ஒரு மில்லி விநாடியில் கிட்டத்தட்ட அவ்வளவு தந்துவிடும். இன்ஜெக்டருக்கு மின்சாரம் கொடுத்த கணத்திலேயே அது திறப்பதில்லை. அந்தத் திறப்புத் தாமதமே ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி, பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் இன்னும் கூடும். தாமதத்தை 0.1 மில்லி விநாடி தவறாகக் கொடுத்தால் ஐட்லிங் கலவையில் பத்து விழுக்காடு பிழை. 1,000 சிசி இன்ஜெக்டரில் அது இரட்டிப்பாகும். தொழிற்சாலை 1.6இல் இன்ஜெக்டர்கள் இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து வயர் செய்யப்பட்டிருக்கும். அப்படியே விட்டு, ஒரு சுழற்சிக்கு இருமுறை பீய்ச்சினால், ஒவ்வொரு பீய்ச்சலும் அரை மில்லி விநாடியாகிவிடும். அங்கே எந்த இன்ஜெக்டரும் ஒழுங்காக நடந்துகொள்ளாது. நான்கையும் தனித்தனியாக வயர் செய்து, வரிசைமுறையில் ஒருமுறை மட்டும் பீய்ச்ச வைத்தோம். ஐட்லிங்கில் பெரிய முன்னேற்றத்தைத் தந்தது இதுதான். தாமத எண்களைத் தயாரிப்பாளரின் மின்னழுத்த அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்து, முகப்பு விளக்கும் பின்கண்ணாடி ஹீட்டரும் போட்டு மின்னழுத்தத்தைக் குறைத்து, கலவை மாறாமல் நிற்கிறதா என்று சரிபார்த்தோம்.

விகிதத்தை விட்டுவிட்டு லாம்டாவில் சிந்திப்பது இன்றைக்கு நல்லது. லாம்டா என்பது உண்மையான விகிதத்தை, பெட்ரோல் முழுவதும் எரியச் சரியாகப் போதுமான சமநிலை விகிதத்தால் வகுத்த எண். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் என்பது பத்து விழுக்காடுவரை எத்தனால் கலந்தது. அதன் சமநிலை விகிதம் 14.7 அல்ல, 14.1ஐ ஒட்டி இருக்கும். லாம்டா 1 என்றால் எந்த எரிபொருளிலும் 1தான். சாதாரண ஓட்டத்துக்கு 1.0, நெடுஞ்சாலையில் லேசான சுமையில் 1.04, முழு பூஸ்ட்டில் 0.80 என்று இலக்கு வைத்தோம்.

நிரம்பல் அட்டவணையைச் சாலையில் ஓட்டியே நிரப்பினோம். மென்பொருள் தானாகத் திருத்தும் வசதி பயனுள்ளது. ஆனால் புகை சென்சாரை அடைய எடுக்கும் நேரத்தில் இன்ஜின் வேறு கட்டத்துக்குப் போயிருக்கலாம். ஆக்ஸிலரேட்டர் வேகமாக நகரும் தருணங்களையும், இன்ஜின் முழுச் சூடேறாத நேரத்தையும் வடிகட்டிவிட்டு, ஒரே நிலையில் சில விநாடி நிற்கும் பதிவுகளை மட்டும் ஏற்றுக்கொண்டோம். பிறகு அட்டவணையை முப்பரிமாணப் படமாகப் பார்த்து, பக்கத்துக் கட்டங்களோடு ஒட்டாத மேடு பள்ளங்களைக் கையால் சமன்செய்தோம். இன்ஜின் மூச்சுவிடும் முறை சீரானது. அட்டவணை கரடுமுரடாக இருந்தால் அளவீட்டில்தான் பிழை.

குளிர் கிளம்பல் பொறுமையைக் கேட்கும் வேலை. ஒரு காலைக்கு ஒரு வாய்ப்புத்தான். சூடேறிவிட்டால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். கிராங்க் செய்யும்போதைய அளவு, கிளம்பியபின் சில விநாடிக்கான கூடுதல், சூடேறும்வரையான கூடுதல் என மூன்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது.

பற்றவைப்பு

பெட்ரோல் அட்டவணையில் சற்றுப் பிழை இருந்தால் இன்ஜின் மன்னிக்கும். பூஸ்ட்டில் பற்றவைப்பு அட்டவணையில் பிழை இருந்தால் மன்னிக்காது. டர்போ இன்ஜின்கள் உடைவதில் பெரும்பங்கு இங்கேதான். ஆகவே டைனோவில் செலவழித்த நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தோம்.

ஆரம்ப அட்டவணையை வேண்டுமென்றே தாமதமாக எழுதியிருந்தோம். பூஸ்ட் இல்லாத பகுதியில், டைனோ ஒரே ஆர்பிஎம்மில் இன்ஜினைப் பிடித்து நிறுத்த, தீப்பொறியை இரண்டிரண்டு டிகிரியாக முன்னால் நகர்த்தினோம். முறுக்குவிசை ஏறும், பிறகு தட்டையாகும். தட்டையாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் முன்னால் போவதால் எதுவும் கிடைப்பதில்லை. லேசான சுமையில் அது 35 டிகிரியைத் தாண்டி நின்றது. முந்தைய ஏற்பாட்டில் எவ்வளவு வீணாகிக்கொண்டிருந்தது என்பது அப்போது தெரிந்தது.

பூஸ்ட்டில் கதை வேறு. முறுக்குவிசை தட்டையாகும் முன்பே நாக்கிங் வந்துவிடும். 78 மி.மீ. துளையுள்ள சிலிண்டரில் நாக்கிங்கின் அடிப்படை அதிர்வு 7.3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும். பிளாக்கில் தற்காலிகமாக ஒரு நாக் சென்சாரை முறுக்கி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே ஓட்டினோம். காதுக்குத் தெளிவாகக் கேட்கும் நாக்கிங் ஏற்கெனவே தாமதமான எச்சரிக்கை. முதல் மெல்லிய சொடுக்கு வந்த இடத்திலிருந்து மூன்று டிகிரி பின்வாங்கினோம். 0.6 பார் பூஸ்ட்டில், உச்ச முறுக்குவிசை வரும் இடத்தில் 14 டிகிரி. அங்கிருந்து 6,500 ஆர்பிஎம்முக்கு மெல்ல 20 டிகிரி வரை. இந்த எண்கள் இந்த இன்ஜினுக்கும், 99 ஆர்ஓஎன் (ஆக்டேன் எண்) பெட்ரோலுக்கும், இந்த இன்டர்கூலருக்கும் உரியவை. வேறொரு ரோட்ஸ்டரில் நகலெடுத்துப் போடுவதற்காக இங்கே எழுதவில்லை.

காற்றின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தீப்பொறியைப் படிப்படியாகத் தாமதப்படுத்தும் அட்டவணையும் சேர்த்தோம். தடத்தில் சுற்றுக்குப் பின் சுற்றாக ஓட்டும்போது இன்டர்கூலர் சூடேறும். குளிர்ந்த டைனோ அறையில் பாதுகாப்பாக இருந்த 14 டிகிரி அங்கே பாதுகாப்பாக இருக்காது.

பூஸ்ட்டைப் பொறுத்தவரை, ராடை வளைப்பது முறுக்குவிசை. குதிரைத்திறன் என்ற பெரிய எண் அல்ல. 3,500 ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட்டையும் ஒரேயடியாகக் கொட்டினால் ஓட்டுகிறவருக்கு முதுகில் இடித்தது போன்ற இன்பம். ராடுக்கு மிக மோசமான தருணம். வேஸ்ட்கேட் சோலனாய்டின் அட்டவணையில் 4,500 வரை பூஸ்ட்டை மெல்ல ஏறவிட்டோம். உரிமையாளருக்கு முதலில் சற்று ஏமாற்றம். மேலே 7,000 வரை சீராக இழுப்பதை ஓட்டிப் பார்த்தபின் அவரே இதுதான் நல்லது என்றார். சக்கரத்தில் 170க்குச் சற்று மேலே வந்து நின்றது. இன்னும் பத்து எடுக்கலாம் என்று டைனோக்காரர் சொன்னார். வேண்டாம் என்று விட்டோம்.

பாதுகாப்பு வரம்புகளை எழுதியதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றையும் சோதித்தோம். பூஸ்ட் வரம்பைத் தற்காலிகமாகத் தாழ்த்தி வைத்து, எரிபொருள் உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்தோம். முழு பூஸ்ட்டில் லாம்டா 0.88க்கு மேல் போனால் பூஸ்ட்டை வெட்டும் ஏற்பாட்டையும் அவ்வாறே பார்த்தோம். சோதிக்காத பாதுகாப்பை நான் பாதுகாப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போதைய நிலை

பிரிட்டனின் ஆண்டுப் பரிசோதனையில், 1992 ஆகஸ்டுக்கு முன் பயன்பாட்டுக்கு வந்த இந்த வயது வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 1,200 பிபிஎம் என்பதே வரம்பு. லாம்டா 1இல் ஐட்லிங் ஆகும் இன்ஜின் அந்த வரம்புக்குள் தாராளமாக நின்று தேறியது. டர்போவையும் இசியுவையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொன்னோம். மறைத்த மாற்றம் விபத்தின்போது காப்பீட்டையே செல்லாததாக்கும். இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்கள், பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கும் தடையை முதலில் படிக்க வேண்டும். அங்கே இந்த வேலைக்கு உரிய இடம் பந்தயத் தடம்.

ஒரு குறை நீண்ட நாள் தொந்தரவு கொடுத்தது. பெட்ரோல் பங்க்கில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளப்பினால், முதல் அரை நிமிடம் இன்ஜின் தடுமாறும். பதிவைப் பார்த்தால் காற்றுச் சென்சார் 60 டிகிரிக்கு மேல் காட்டியது. சூடான இன்ஜின் அறையில் நின்றதால் சென்சாரின் உடல் சூடேறியிருந்தது. உண்மையில் உள்ளே வரும் காற்று அவ்வளவு சூடில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்று நம்பி இசியு பெட்ரோலைக் குறைத்தது. காற்றோட்டம் குறைவாக இருக்கும்போது சென்சாரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்று அமைக்கும் அட்டவணை மெகாஸ்குவர்ட்-3இல் இருக்கிறது. அதைத் திருத்தியபின் தடுமாற்றம் பெரும்பாலும் போய்விட்டது. கோடையில் இன்னும் சற்றுக் கவனிக்க வேண்டியிருக்கும்.

அடுத்த வேலை கோண சென்சார். கேம் சென்சார் 180 டிகிரி கிராங்க் சுழற்சிக்கு ஒரு பல்ஸ்தான் தருகிறது. இடைப்பட்ட இடத்தை இசியு ஊகித்துக்கொள்கிறது. ஆர்பிஎம் வேகமாக ஏறும்போது அந்த ஊகத்தில் ஓரிரு டிகிரி சிதறல் வருவதைப் பதிவில் பார்க்க முடிகிறது. நாக்கிங்கிலிருந்து மூன்று டிகிரி ஒதுங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரமும் அதற்கான சென்சாரும் வாங்கியாயிற்று. அவற்றைப் பொருத்தினால் 10 டிகிரிக்கு ஒரு பல்ஸ் கிடைக்கும். பெல்ட்டின் நெகிழ்வும் கணக்கிலிருந்து விலகும். அப்போது டைமிங் லைட்டில் 10 டிகிரிப் பூட்டிலிருந்து தொடங்கி, பூஸ்ட் பகுதியை டைனோவில் மறுபடி அளக்க வேண்டும். நிரந்தர நாக் சென்சாரையும் அதே வேளையில் பொருத்திவிடுவதாகத் திட்டம்.